கிளாஸ் ஃபீஸும் மனக்குறுகுறுப்பும்: கலை கற்கும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டாவில் விவசாய வீடுகளுக்குச் சம்பளத் தேதி கிடையாது. குறுவை எடுத்தால் புரட்டாசி வாக்கில் கொஞ்சம், சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் தை, மாசியில் கொஞ்சம். கையில் காசு புழங்கும் மாதங்கள் அவ்வளவுதான். வீணை வகுப்புக்கும் ஓவிய வகுப்புக்கும் மாதம் பிறந்தால் ஃபீஸ். இந்த இரண்டும் ஒத்துப்போகாத மாதங்களில்தான் பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளைக்கு அந்தக் குறுகுறுப்பு வருகிறது. ‘நமக்காக இவங்க இவ்வளவு கஷ்டப்படணுமா?’

கும்பகோணம் பக்கம் சனி, ஞாயிறுகளில் தஞ்சாவூர் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் குறுகுறுப்பு முகத்தில் தெரியாத பிள்ளை என் வகுப்பில் குறைவு. அதில் தப்பொன்றும் இல்லை. பெற்றவர்கள் படும் பாடு கண்ணில் படாத பிள்ளையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அது தாங்காமல் பிள்ளைகள் செய்கிற சில காரியங்கள், கிளாஸ் ஃபீஸைவிடப் பெரிய செலவை வீட்டுக்கு இழுத்துவிடுகின்றன. அவற்றைப் பற்றித்தான் இது.

அம்மா கழுத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது

ஆவணி பிறந்தால் பல வீடுகளில் அம்மாவின் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்விடும். உழவு, விதை, நடவுக் கூலி, உரம் என்று வரிசையாகச் செலவு நிற்கும். அறுப்பு முடிந்ததும் மீட்பார்கள். அடுத்த வருஷம் மறுபடி போகும். உன் பாட்டி சங்கிலியும் இப்படித்தான் போய்வந்திருக்கும். அதே வாரத்தில் நீ வீணை வகுப்பில் சேர்ந்திருந்தால், அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்ததும் ‘என்னாலதான்’ என்று தோன்றும். அது நடவுக்குப் போன சங்கிலி.

ஊகிக்காதே, கேள். மூன்றே கேள்விதான். எனக்காக மாசம் எவ்வளவு போகுது? எந்த மாசம் முட்டுது? அந்த மாசம் ஃபீஸைத் தள்ளிக் கட்டலாமா? மாதம் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 7,200. எழுதிப் பார்த்தால் அது ஒரு தொகை, அவ்வளவுதான். எழுதாதவரை ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். போக்குவரத்தையும் சேர்த்தே பார். 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு டவுன் பஸ்ஸில் வகுப்புக்குப் போகும் பெண்ணும், துணைக்கு வரும் அம்மாவும் பஸ் காசுக்காக மருகவேண்டியதில்லை.

கேட்கும் நேரமும் முக்கியம். ஐப்பசி அடைமழையில் பயிர் தண்ணீரில் நிற்கும்போது அப்பாவிடம் போய் ‘எனக்கு எவ்வளவு செலவு பண்றீங்கப்பா?’ என்றால் என்ன பதில் வரும் என்று உனக்கே தெரியும். மாசி மாதத்துச் சாயங்காலம் ஒன்றைப் பார்த்துக் கேள்.

சில வீடுகளில் பதில் ‘முட்டத்தான் செய்யுது’ என்றே வரலாம். சொந்த நிலம் இல்லாமல் கூலிக்குப் போகிற வீடு, கடையில் நிற்கிற வீடு, ஆட்டோ ஓட்டுகிற வீடு என்று எல்லாமும்தான் இருக்கிறது. அப்போதும் வழி இல்லாமல் இல்லை. அறுப்புக்கு அறுப்பு ஃபீஸ் வாங்கிக்கொள்ளும் ஆசிரியர்கள் இந்தப் பக்கம் உண்டு. நானே சிலரிடம் அப்படித்தான் வாங்குகிறேன். கேட்டால் கௌரவம் போய்விடும் என்று நினைத்து யாரும் கேட்பதில்லை.

‘பிடிக்கல’ என்று பொய் சொல்லி நின்றுவிடுவது

எல்லாவற்றிலும் மோசமான தவறு இது. பார்க்கத் தியாகம் மாதிரி இருக்கும், அதனால் பிள்ளைகளுக்கு இது தவறு என்றே தோன்றாது.

ஒரு ப்ளஸ் ஒன் பெண் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். சில வாரம் கழித்து அவள் அப்பா டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். பின்னால் பழைய வேட்டியில் சுற்றிய பலகை. ‘பாப்பாவுக்கு இதுல இஷ்டம் இல்லையாம் சார். தூக்கிப் போடவும் மனசு வரல’ என்று வாசல் திண்ணையில் வைத்துப் பிரித்தார். வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணர். பலகையில் துணி ஒட்டி, பூச்சுப் பூசி, கோடு போட்டு, கழுத்தாரத்துக்குக் கல் பதித்து, சுக்கான் பொடியையும் பசையையும் குழைத்து மேடு எழுப்பும் சுக்கான் வேலையும் முடிந்திருந்தது. கிருஷ்ணரின் கைவளையில் நூல் நூலாக அவள் எடுத்திருந்த புடைப்பு அவ்வளவு சுத்தம். இஷ்டம் இல்லாத கை அப்படி வேலை செய்யாது. அடுத்து ஒட்டவேண்டியது தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள். வேலை அதில்தான் நின்றிருந்தது.

விசாரித்ததில் விஷயம் ரேக்குதான். கடையில் விலை கேட்டிருக்கிறாள். 22 காரட் ரேக்கு, பவுன் விலை ஏறினால் அதுவும் கூடவே ஏறும். வீட்டில் ‘பிடிக்கல’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தை என்ன செய்கிறது பார். அதுவரை கட்டிய ஃபீஸ், பலகை, கல், பெயின்ட் எல்லாம் வீண் செலவு என்று அப்பா முடிவு கட்டுகிறார். அதைவிட, ‘இவள் எதிலும் நிலையா நிற்க மாட்டாள்’ என்று ஒரு எண்ணம் விழுகிறது. நாளைக்கு அவள் வேறு எதைக் கேட்டாலும் அந்த எண்ணம் குறுக்கே வந்து நிற்கும். காசை மிச்சம் பிடிக்கப் போய் நம்பிக்கையைச் செலவழித்தாயிற்று.

உண்மையைச் சொல்லியிருந்தால் விஷயம் சின்னது. முதல் பலகைக்கு அசல் ரேக்கு வேண்டும் என்று சட்டமில்லை. இமிட்டேஷன் ஃபாயிலில் ஒட்டிப் பழகலாம். நாள்பட்டால் அது மங்கிக் கறுக்கும், விற்கவும் பரிசாகக் கொடுக்கவும் ஆகாது. ஆனால் சுக்கான் மேட்டில் தாளை அழுத்தி மடிப்பில்லாமல் இறக்குகிற பழக்கம் அதிலேயே வந்துவிடும். அந்தப் பெண் அடுத்த வாரம் வந்து அப்படித்தான் முடித்தாள். அப்பாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஃபீஸுக்கு மருகிவிட்டு அரங்கேற்றத்துக்குத் தலையாட்டுவது

பரதநாட்டியப் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும். மாதா மாதம் கட்டுகிற ஃபீஸுக்காக வருஷக்கணக்கில் உறுத்திக்கொண்டிருக்கும் பெண், அரங்கேற்றம் என்றதும் வாயைத் திறக்காமல் இருந்துவிடுவாள். வீட்டில் எல்லாருக்கும் பெருமை, நாம் தடுக்கக்கூடாது என்று.

அரங்கேற்றச் செலவு எங்கெங்கே போகிறது என்று பார். மண்டபம், மேடை அலங்காரம், ஒலி ஒளி. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று பக்கவாத்தியக்காரர்களுக்கு அன்றைய சன்மானம், அதற்கு முந்தைய ஒத்திகைகளுக்கும் தனியாக. மூன்று செட் பட்டு உடை, நகை, மேக்கப். அழைப்பிதழ், போட்டோ, வீடியோ. குருவுக்கு வெற்றிலைத் தட்டில் வைக்கும் மரியாதை. பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. சின்னக் கல்யாணம் என்றே சொல்லலாம். பல வருஷ ஃபீஸை ஒரே நாளில் தாண்டிவிடும்.

நடனத்துக்கு இதில் எவ்வளவு தேவை? விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். முதன்முதலாகச் சலங்கை கட்டும் சலங்கை பூஜையைக் கோயிலில் எளிமையாக வைத்துக்கொள்ளலாம். ஒரே குருவிடம் கற்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து அரங்கேறினால் பக்கவாத்தியச் செலவும் மண்டபச் செலவும் பங்காகிவிடும். சபையேறி ஆடவேண்டும் என்பதுதான் ஆசை என்றால் மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி நடன விழாக்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. சிதம்பரத்தில் 1981இலிருந்து நடக்கிறது. மயிலாடுதுறை மாயூரநாதர் கோயிலிலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் நடக்கிறது. அங்கே ஆடுவது மண்டபத்தில் ஆடுவதைவிடக் குறைந்ததா என்ன? என்னைக் கேட்டால் கூடுதல்.

இதையெல்லாம் நீயே எடுத்துச் சொல்லவேண்டும். பெரியவர்கள் தாங்களாகக் குறைக்க மாட்டார்கள். குறைத்தால் பிள்ளைக்கு மனசு வாடுமோ என்று அவர்களுக்கும் ஒரு குறுகுறுப்பு உண்டு.

மலிவாக வாங்கி இரண்டாம் முறை வாங்குவது

வாத்தியத்தில் இது அடிக்கடி நடக்கும். வீட்டுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று, குருவைக் கேட்காமல் இருப்பதிலேயே மலிவானதை வாங்கச் சொல்வது. சுருதி நிற்காத வீணையில் பழகிய பிள்ளை ஆறே மாதத்தில் வேறு கேட்கும். அதற்காக ஒரே கட்டையில் குடைந்த ஏகாந்த வீணைதான் வேண்டும் என்பதும் இல்லை. தொடங்குகிறவருக்குத் துண்டுகளை இணைத்துச் செய்த நல்ல ஒட்டு வீணை போதும். தெரிந்த வீட்டில் உறை போட்டுத் தூங்கும் பழைய பலா வீணையை வாங்கி, மெழுகை மாற்றி மேளம் கட்டினால், அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாகப் பதித்தால், இன்னும் நல்லது.

பராமரிப்புச் செலவை முதல் நாளே வீட்டில் சொல்லிவிடு. மிருதங்கம் வாங்கினால் அதோடு முடியாது. மழைக்காலத்தில் தோல் தொய்யும், அவ்வப்போது மூட்டு (வாயில் கட்டும் தோல்) மாற்றவேண்டிவரும். நாதஸ்வரம் என்றால் வாயில் வைத்து ஊதும் சீவாளி தேய்ந்துகொண்டே இருக்கும். திடீர்ச் செலவாக வந்தால்தான் வீட்டில் முகம் மாறும்.

பெரிய ஆளாகித் திருப்பித் தருவேன் என்று வாக்குக் கொடுப்பது

யாரும் கேட்காத வாக்கு இது. கொடுத்த நாளிலிருந்து உன் படம் படமாக இருக்காது, தவணையாகிவிடும். ரீல்ஸ் போட்டு சம்பாதிக்கிறேன், உறவுக்காரர்களுக்குப் படம் விற்கிறேன் என்று அவசரப்பட்டுக் கற்கவேண்டிய வயதில் கைவேலையைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். திருப்பித் தரவேண்டும் என்று துடித்தால் இப்போதே தரக்கூடியது இருக்கிறது: ஒழுங்காக வகுப்புக்குப் போவது, பெயின்ட் மூடியைச் சரியாக மூடுவது, பிரஷ்ஷைக் கழுவி வைப்பது. காய்ந்துபோகும் பெயின்ட் டப்பாக்களில் போகிற காசு கொஞ்சநஞ்சமல்ல.

அரசு இடங்களை எட்டிப் பார்க்காமல் விடுவது

டெல்டாக்காரர்களுக்கு இதில் சாக்கே கிடையாது. ஜவகர் சிறுவர் மன்றங்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் சொல்லித் தருகிறார்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று மூன்று வருஷப் பயிற்சி உண்டு. கட்டணம் மிகக் குறைவு. அதற்கு மேல் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி, கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி. அரசுப் பள்ளியில் படித்தால் கலைத் திருவிழாப் போட்டிகளும் இருக்கின்றன. ‘கவர்மென்ட் கிளாஸ்தானே’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், அங்கே ஒரு நாள் வாசலில் நின்று தவில் பாடம் கேட்டுவிட்டு வரட்டும்.

பெற்றவர்களுக்குக் கொஞ்சம்

சொல்லிக்காட்டாதீர்கள். மார்க் குறைந்த அன்று ‘வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உன்னை கிளாஸுக்கு அனுப்பினேனே’ என்ற ஒரு வாக்கியம் போதும். அடுத்த மாதம் பிள்ளை ‘பிடிக்கல’ என்று வந்து நிற்கும். நீங்கள் கோபத்தில் சொல்லி மறந்திருப்பீர்கள். கட்ட முடியாத மாதத்தில் ‘இந்த மாசம் முடியல, அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடலாம்’ என்று நேராகச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள். அடுப்படியில் மெல்லப் பேசுவதை ஒட்டுக்கேட்பதுதான் அவர்களைப் போட்டு வாட்டுகிறது.

நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால்

நிறுத்தலாம். ப்ளஸ் டூ வருஷத்தில் பலர் நிறுத்துகிறார்கள். ஆனால் காணாமல் போகாதே. அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு ஆசிரியரிடம் வந்து, காசுதான் காரணம் என்றால் காசு என்றே சொல். இத்தனை மாதம் இடைவெளி, பரீட்சை முடிந்து வருகிறேன் என்று தேதியும் சொல். வீணை என்றால் தந்தியைச் சற்றுத் தளர்த்தி உறை போட்டு வெயில் படாத மூலையில் வை. பாதிப் படம் என்றால் பலகையைத் துணியில் சுற்றிப் பரணில் நிமிர்த்தி வை, கரையானும் ஈரமும் அண்டாமல் பார்த்துக்கொள். பாக்கி ஃபீஸ் இருந்தால் தையில் கட்டுகிறோம் என்று சொல்லிவிடுங்கள். நாங்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்.