கேஷ் கவுன்டரில் கை நடுங்கினால்

பதினாறு வருடமாக வங்கியில் கேஷ் கவுன்டர்தான் என் இடம். பென்ஷன் நாளில் வரிசை வாசல்படி வரை நிற்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் "இன்னும் எவ்வளவு நேரம்மா எண்ணுவே?" என்று கத்தினால் போதும், உள்ளங்கை வேர்த்து நோட்டு விரலில் ஒட்டும். 63 வரை எண்ணியது மறந்துபோகும். சாயங்காலம் கேஷ் குறைந்தால் என் கைக்காசு. ஒரு தடவை 4,500 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

நரம்புகளும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் சேர்ந்து செய்யும் வேலை இது. 'சண்டை போடு, இல்லை ஓடு' என்று உடம்பு தயாராவதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே எழுதிவிட்டார். கவுன்டரில் இரண்டுக்குமே வழியில்லை, அதுதான் சிக்கல்.

நான் செய்வது இது. முதலில் நோட்டுக்கட்டைக் கீழே வைத்து, எண்ணியவரை துண்டுச்சீட்டில் குறித்துவிடுவேன். மூக்கால் ஒரு மூச்சு. அதை விடாமல் மேலே இன்னொரு குட்டி மூச்சு. அப்புறம் வாயால் நிதானமாக, நீளமாக விடுவது. மூன்று தடவை போதும். மூச்சை விடும்போதுதான் வேகஸ் நரம்பு இதயத்துக்கு பிரேக் போடுகிறது. அதனால் 'நல்லா இழுத்து மூச்சு விடு' என்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். வேகவேகமாக இழுத்தால் தலைதான் சுற்றும். இடைவேளையில் முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்தாலும் படபடப்பு இறங்கும்.

ஆனால் எனக்கு மரத்துப்போகும் நாளும் உண்டு. கணக்கு டேலி ஆகவில்லை, மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார், மண்டையில் ஒன்றுமே ஓடாது. அப்போது கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் இன்னும் உள்ளேதான் அமுங்குவேன். எழுந்துவிட வேண்டும். பாதத்தைத் தரையில் அழுத்தி, மேஜையை இரண்டு கையாலும் தள்ளி, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்வேன்: ரப்பர் பேண்ட், முத்திரை, மை, சாவி. பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

வாரக்கணக்கில் தூக்கமே வரவில்லை என்றால் இதெல்லாம் போதாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கத்துகிறவருக்குப் பதில்? மூன்றாவது மூச்சை விட்ட பிறகுதான். அதற்கு முன் வாயைத் திறந்தால் என் குரல் கீச்சென்று போகும். "ஐயா, அடுத்தது உங்களோடதுதான்" என்பேன். அதற்குள் விரலும் காய்ந்திருக்கும், 64-லிருந்து தொடங்கலாம்.