சிக்கிய கீலை விடுவிக்க, வின்ச்சை முதலில் தொடாதீர்கள்

ஏற்றி இறக்கும் கீல் (படகின் அடியில் நீட்டி நிற்கும் கனமான தகடு) உள்ள பாய்மரப் படகைச் சென்னைத் துறைமுகத் தண்ணீரில் சில வாரம் அசைக்காமல் போட்டுவைத்தால், கீல் தான் ஏறி அடங்கும் பெட்டி போன்ற கூட்டுக்குள் இறுகிவிடுவது சகஜம். இங்கே கடல்நீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பு. படகின் அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசுக்கும் சிப்பிக்கும் ஓய்வுக்காலம் கிடையாது. கீலுக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவே பொதுவாகச் சில மில்லிமீட்டர் இடைவெளிதான். அதை அடைக்க அவற்றுக்கு அதிக நாள் வேண்டாம்.

சிக்கியது தெரிந்ததும் பலர் செய்வது, கீலின் ஒயரைச் சுருட்டும் வின்ச்சின் கைப்பிடியில் பைப்பைச் செருகி நீளமாக்கி இழுப்பது. கீல் அசையாது, ஒயர் அறுந்துவிடும். மேலே சிக்கிய கீலுக்காக ஒயரை முழுக்கத் தளர்த்திவிட்டுத் தட்டுவது அதைவிட ஆபத்து. திடீரென்று விடுபடும் கீல் தன் முழு எடையோடு விழுந்து, ஒயரை அறுத்து, கூட்டின் அடியை விரிசலாக்கும். படகுக்குள் தண்ணீர் வரும். எந்த நேரத்திலும் ஒயரில் 2 செ.மீ.க்கு மேல் தொய்வு வேண்டாம். கீல் இறங்க இறங்க அந்த அளவே விட்டுக்கொண்டு போங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் எது பிடிக்கிறது என்று பாருங்கள். ஒயர் கப்பியிலிருந்து நழுவிப் பக்கத் தகட்டுக்கும் கப்பிக்கும் நடுவே மாட்டியிருந்தாலும் கீல் சிக்கியது போலவே தெரியும். அதனால் டார்ச் அடித்து முதலில் கப்பியைப் பாருங்கள். அங்கே கோளாறு இல்லையென்றால் கீல் நிற்கும் விதமே காரணத்தைச் சொல்லும். துளியும் அசையவில்லை என்றால் கொட்டலசு அல்லது துரு. ஒன்றிரண்டு செ.மீ. நகர்ந்து டக்கென்று நின்றால் கல்லோ கிளிஞ்சலோ செருகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் கீல் வளைந்திருக்கிறது, அல்லது கூட்டின் சுவர் உள்ளே புடைத்திருக்கிறது. இந்தக் கடைசிக் கோளாறு தண்ணீரில் வைத்துத் தீராது.

மற்றவற்றுக்குத் தண்ணீரிலேயே ஒரு முயற்சி செய்யலாம். இருவர் தளத்தின் ஓரத்தில் நின்று படகை இடவலமாக ஆட்டட்டும். கீல் கூட்டுக்குள் பக்கவாட்டில் அசையும்போது ஓடுகள் நொறுங்கும். மேலும் கீழும் இழுப்பதைவிட இது பலன் தரும். கூட்டின் மேல்மூடி கழலும் படகானால், மூங்கில் பட்டையையோ வளையும் மெல்லிய எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பட்டையையோ இரு பக்கமும் விட்டு ரம்பம் போல் இழுங்கள். கடப்பாரை வேண்டாம், ஃபைபர் சுவர் பிளந்துவிடும். பிறகு கீலின் தலையில் தேக்குக் கட்டையை வைத்து, 2 கிலோ சுத்தியலால் முன்முனையிலும் பின்முனையிலும் மாற்றி மாற்றிச் சின்ன அடிகளாகக் கொடுங்கள். அச்சில் சுழலும் கீலானால் அச்சுக்குத் தூரமான முனையில் மட்டும். துறைமுகத்துக் கலங்கல் தண்ணீரில் படகுக்கு அடியில் முங்கிப் பார்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் கிரேன்தான். ஓத ஏற்றத்தாழ்வு பல மீட்டர் உள்ள ஊர்களில் வற்றும்போது படகைத் தரைதட்ட விட்டு வேலை பார்ப்பார்கள். சென்னையில் அந்த வித்தியாசம் பெரிய ஓதத்திலும் ஏறக்குறைய 1 மீட்டர்தான். அது இந்த வேலைக்குப் போதாது. தூக்கும் பெல்ட் எதுவும் கீல் வெளியே வரும் வாய்க்குக் குறுக்கே போகக் கூடாது. கீலுக்கு நேர் கீழே மரக்கட்டைகளை அடுக்கி 5 செ.மீ. இடைவெளி விடுங்கள், விடுபட்டாலும் அவ்வளவுதான் விழும். கீல் இறங்கத் தொடங்கியதும், பக்கத்தில் நின்றபடியே ஒவ்வொரு கட்டையாக எடுத்துக்கொண்டே வாருங்கள். தொங்கும் படகுக்கு அடியில் ஒருவரும் போகக் கூடாது. சுரண்டுவது பக்கத்தில் நின்று நீளக் கைப்பிடியால்தான்.

பிரஷர் வாட்டர் அடித்த பிறகும் ஒட்டியிருக்கும் ஓட்டுக்குச் சிட்ரிக் அமிலம் ஏற்றது. லிட்டருக்கு 100 கிராம் கரைத்து, துணியை அதில் நனைத்து இடுக்கில் திணித்து, சில மணி நேரம் விடுங்கள். சுண்ணாம்பு ஓடு இளகிவிடும். நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் வேண்டாம்: அது இரும்பைத் தின்னும், எஸ்.எஸ். ஒயரில் குழி விழ வைக்கும்.

கீழே சிக்கிய கீலுக்கு முறை தலைகீழ். கட்டைகள் மேல் படகை மெல்ல இறக்கி, எடையில் பெரும்பங்கைக் கிரேன் தாங்க, மிச்ச எடை கீலை மேலே தள்ளட்டும். படகு சாய ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்.

வார்ப்பிரும்புக் கீலில் துருதான் பெரிய எதிரி. இரும்பு துருவானால் கன அளவு பல மடங்கு பெருகும். அச்சு ஆணிக்குத் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். கேஸ் சுடரால் சூடாக்கினால் சுற்றியுள்ள ரெசின் கெட்டுவிடும். கீல் வெளியே வந்ததும் துருவையும் பல வருடத்துப் பழைய பெயின்ட் அடுக்குகளையும் முழுக்க எடுத்துவிடுங்கள், ஏனென்றால் பல இடங்களில் அந்தத் தடிப்பே இடைவெளியைத் தின்றிருக்கும். மணலை வேகமாக அடித்துத் துருவை எடுக்கும் மணல்வீச்சு முடிந்த அன்றே எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். நம் உப்புக்காற்றில் மறுநாள் காலைக்குள் மீண்டும் துருப் பூக்கும்.

ஒயரையும் இதோடு மாற்றிவிடுங்கள்: பழைய குறுக்களவே, 316 எஸ்.எஸ். (உப்புநீரைத் தாங்கும் ரகம்), 7×19 பின்னல் (19 கம்பி கொண்ட ஏழு புரி). பாரிமுனைக் கடைகளில் வாங்கும்போது பின்னலைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். 19 கம்பியும் ஒரே புரியாக முறுக்கிய 1×19 ஒயர் கப்பியில் வளையாது. படகு கிரேனில் இருக்கும்போதே கீலை ஐந்து முறை முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

பிறகு வாரம் ஒருமுறை முழு நீளத்துக்கும் ஏற்றி இறக்குங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில், ஒருமுறை வெளியே எடுத்துச் சுரண்டுங்கள். கைப்பிடியை எத்தனை சுற்று சுற்றினால் கீல் முழுக்க இறங்குகிறது என்பதை வின்ச் பக்கத்திலேயே பெயின்டில் எழுதிவையுங்கள். இரண்டு சுற்று முன்னதாகவே ஒயர் தொய்ந்தால் உள்ளே ஏதோ வளரத் தொடங்கிவிட்டது. அந்த வாரமே கவனியுங்கள்.