பழம்பாறையின் கார்பனைப் படிக்கும்போது எங்கே வழுக்குகிறோம்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு இடிக்கிற இடத்தில் சுவர்ப்பூச்சுத் துண்டு கிடந்தால், கொஞ்சம் சுரண்டி அந்தப் பொடியில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். லேசாக நுரைக்கும். வெளியே வருவது கார்பன் டை ஆக்சைடு. ஆய்வகத்திலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது: பழைய சுண்ணாம்புப் பாறையைப் பொடித்து, பாஸ்பாரிக் அமிலம் விட்டு, கிளம்பும் வாயுவில் கனமான கார்பன்-13க்கும் இலேசான கார்பன்-12க்கும் உள்ள விகிதத்தை அளக்கிறார்கள். அளப்பதில் இன்று பெரிய சிக்கல் இல்லை. கிடைத்த எண்ணை வைத்து, அந்தப் பாறை படிந்த ஆதிக் கடலைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதுதான் சறுக்குகிறது.

சின்னத் தவறுகளை முதலில் முடித்துவிடுகிறேன். நம் மாவட்டத்துக் கீழடியால் கார்பன் என்றாலே வயது கணிப்பது என்று மனதில் பதிந்திருக்கிறது. அது கார்பன்-14. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டு தாண்டினால் அளக்க மிச்சம் இருக்காது. இங்கே பேசும் கார்பன்-12, கார்பன்-13 இரண்டும் சிதையாதவை, வயது சொல்லாதவை. அப்புறம், 'மைனஸ் 25' என்று பார்த்ததும் கார்பன் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் கிடைத்த பெலம்னைட் என்ற கடலுயிரிப் புதைபடிவத்தை அளவுகோலாக வைத்து, அதைவிட விகிதம் ஆயிரத்துக்கு 25 குறைவு, அதாவது கனமான கார்பன்-13 குறைவு என்பதுதான் பொருள்.

சரி, பெரிய தவறுக்கு வருவோம். பாறையில் இருக்கும் கார்பன் அன்றைய கடலின் கார்பன்தான் என்று சோதிக்காமலே நம்புவது. செட்டிநாட்டுச் சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் அதிலிருந்த கடல் கார்பன் வாயுவாகப் போய்விடும். நீற்றி, அரைத்து, பூசியபின் அந்தச் சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் இறுகுகிறது. ஆக, கால்சியம் கடலுடையது, கார்பன் வீடு கட்டிய காலத்துக் காற்றுடையது. கையால் தடவினால் தெரியுமா? தெரியாது. பாறையிலும் இப்படி நடக்கும். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், செடிகொடிகள் மட்கிய இலேசான கார்பனைச் சுமந்து வந்து, சுண்ணாம்பைக் கரைத்து மறுபடி படியவைக்கும். அதனால்தான் இப்படிப் பிற்பாடு மாறிய அடையாளம் தேடி, ஆக்சிஜனின் ஐசோடோப்பையும் (அதன் கனமான, இலேசான வகைகளையும்) சேர்த்துப் பார்ப்பார்கள், மாங்கனீசு கூடி ஸ்ட்ரான்சியம் குறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஓமான் நாட்டில் 57 கோடி ஆண்டு வாக்கில் படிந்த ஷுராம் பாறைகளில் எண் மைனஸ் 12 வரை இறங்குகிறது. பூமியின் உள்ளிருந்து வரும் கார்பனே சுமார் மைனஸ் 5தான். அதற்கும் கீழே ஒரு கடல் முழுக்க எப்படிப் போனது, இல்லை பாறைதான் பிற்பாடு மாறியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சண்டை இது.

அடுத்து, இலேசான கார்பன் கண்டால் உயிர் என்று முடிவு கட்டுவது. ஒளிச்சேர்க்கை கார்பன்-12ஐ விரும்பி எடுக்கிறது, அதனால் உயிர்ப்பொருளின் எண் மைனஸ் 25ஐ ஒட்டி வரும், அது உண்மை. ஆனால் மறுதலை எப்போதும் உண்மையில்லை. சிவகங்கைப் பக்கம் கிடைக்கும் கிராஃபைட்டை விரலில் தேய்த்தால் வழவழவென்று கருப்பாக ஒட்டும். அந்தப் பளபளப்பு அதன் பிறப்பைச் சொல்லாது. கிராஃபைட் பாசியிலிருந்தும் வரலாம், ஆழத்திலிருந்து ஏறிய வாயுவிலிருந்தும் வரலாம். பக்கத்தில் சுண்ணாம்பு இருந்தால் கடும் வெப்பத்தில் கார்பனை மாற்றிக்கொண்டு எண்ணே நகர்ந்துவிடும். கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பழைய படிவுகளில் மைனஸ் 19 அளவில் கிடைத்ததை உயிரின் தடம் என்று 1999இல் புவியியலாளர் மினிக் ரோசிங் வெளியிட்டார். அதே வட்டாரத்தின் வேறு பாறைகளில் உள்ள கிராஃபைட் இரும்புக் கார்பனேட் வெப்பத்தில் சிதைந்து வந்தது என்று 2002இல் இன்னொரு குழு காட்டியது. எந்தப் பாறை, எந்த அடுக்கு என்று சொல்லாமல் 'இசுவாவில் உயிர்' என்று எழுதுவது அதனால்தான் சரியில்லை.

பூஜ்யம் வந்தால் விஷயமில்லை என்று தாண்டிவிடாதீர்கள். பூமியின் உள்ளிருந்து கடலுக்கு வருவது மைனஸ் 5, சுண்ணாம்பாகப் படிவது 0, உயிர்ப்பொருளாகப் புதைவது மைனஸ் 25 என்றால், கணக்கு நேராக வரப் புதைந்த கார்பனில் ஐந்தில் ஒரு பங்கு உயிர்ப்பொருளாக இருந்தாக வேண்டும். புதைகிற பங்கு கூடினால் கடலில் கனமான கார்பன் மிஞ்சி எண் ஏறும், காற்றில் ஆக்சிஜனும் சேரும். சுமார் 220 கோடி ஆண்டுக்கு முன் லோமகுண்டி என்று பெயரிட்ட காலத்தில் எண் பிளஸ் 10ஐத் தொட்டதை இப்படித்தான் விளக்கினார்கள். ஆனால் ஓர் ஊருணித் தண்ணீரைச் சோதித்துவிட்டு வைகை முழுக்க இப்படித்தான் என்று சொல்வோமா? அந்தப் பாறைகளில் பல, கரையோரத்து ஆழமில்லாத நீரில் படிந்தவை. அந்த உயர்வு உலகக் கடலுடையதா, கரையோரத்துக்கு மட்டும் உரியதா என்று இப்போது கேட்கிறார்கள். விடைக்காக அதே காலத்தில் திறந்த கடலில் படிந்த அடுக்குகளைத் தேடி அளக்கிறார்கள்.