தோட்டப்புறத்து இடுப்புக்கு ஏற்ற மல்டிடூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி

குறடு, கத்தி, திருப்புளி எல்லாம் ஒரே பிடிக்குள் மடங்கும் மல்டிடூலை வாங்க வருகிறவர்கள் முதலில் கத்தியைத்தான் விரித்துப் பார்க்கிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டம் சூழ்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லாத தொடக்கம். ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி, பாராங் என்னும் வெட்டுக்கத்தி, செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை அறுக்கும் அரிவாள் என்று வெட்டுவதற்கு நம் கையில் ஏற்கெனவே நல்ல சாமான்கள் இருக்கின்றன. அவசரத்துக்குக் கிடைக்காதவை வேறு: பிடித்து இழுக்க ஒரு குறடு, ஸ்குரூ முடுக்க ஒரு திருப்புளி, மட்டை முள் எடுக்க ஒரு முள்வாங்கி. அதனால் குறட்டை முதலில் பாருங்கள், அடுத்து திருப்புளி, அதற்கடுத்து துருவைத் தாங்கும் உடம்பு. கத்தி கடைசியாக வரட்டும். “18 கருவி”, “21 கருவி” என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கையில் பாட்டில் திறப்பானும் அளவுகோலும்கூடச் சேர்த்தி. அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் கைப்பேசியில் குறித்து வையுங்கள். எந்தெந்த நேரத்தில் “ஒரு குறடு இருந்தால் தேவலை” என்று தோன்றியது, என்ன வேலைக்கு, எங்கே நின்றுகொண்டு. தண்ணீர் ஹோஸின் கிளிப் கழன்றது, வேலிக் கம்பி அறுந்தது, கதவுத் தாழ்ப்பாளின் ஸ்குரூ லூஸ் ஆனது, மோட்டார் சைக்கிளின் கண்ணாடி ஆடியது என்று இருக்கும் பட்டியலில், மூன்று முறைக்கு மேல் வந்த வேலைகளுக்காக மட்டும் வாங்கினால் போதும். வருடத்தில் ஒரு நாள் வரும் வேலைக்கு ரம்பமும் அரமும் சுமக்க வேண்டாம்.

அடுத்தது எடை. இதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம், மடித்தால் 10 சென்டிமீட்டர். அதே நிறுவனத்தின் ரீபார் ஏறத்தாழ 190 கிராம், ஸ்கெலிடூல் 142 கிராம். விக்டோரினாக்ஸ் ஸ்விஸ்டூல் ஸ்பிரிட் 200 கிராமை ஒட்டி வரும். இவை கைக்கு லேசாகத்தான் தெரியும், இடுப்பில் எப்படி இருக்கும் என்பதை வாங்காமலேயே சோதித்துப் பார்க்கலாம். தராசில் 240 கிராம் அரிசி நிறுத்து, சின்னப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, மூன்று நாள் வேலைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டாரில் போய் வாருங்கள். பை கீழே இழுத்தால், உட்காரும்போது தொடையில் உறுத்தினால், பெல்ட்டில் மாட்டும் உறை வேண்டும் என்று பொருள். பெல்ட்டே போடாதவர் என்றால் 150 கிராமுக்கு மேல் போகாதீர்கள், இரண்டாவது மாதமே அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

இனி குறடு. கடையில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்.

முதலில் குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். மூக்கின் நுனி இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். நுனி ஒட்டி, அதற்குப் பின்னால் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் நல்லது, அழுத்தும்போது அது மூடிக்கொள்ளும். பின்பக்கம் ஒட்டி நுனி பிளந்து நின்றால் அதை அப்படியே வைத்துவிடுங்கள். அடுத்து, ஒரு தாளின் ஓரத்தை நுனியில் கவ்வி, மெதுவாக அழுத்தியபடி இழுங்கள். நல்ல குறட்டில் தாள் கிழியும், மோசமானதில் வழுக்கி வெளியே வரும். தாளைப் பிடிக்காத நுனி, டயரில் ஏறிய ஆணியையோ உடைந்த ஸ்குரூவின் தலையையோ பிடிக்கப்போவதில்லை. மூன்றாவதாக, ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அச்சில் கடகடவென்று ஆட்டம் இருந்தால், கம்பி வெட்டும் வாய் இரண்டும் நேருக்கு நேர் சந்திக்காது. கம்பி அறுபடாமல் இரண்டு தாடைக்கும் நடுவில் மடிந்து சிக்கிக்கொள்ளும்.

கம்பி வெட்டும் வாயை மழுங்கடிப்பது பெரும்பாலும் ஒரே தவறுதான். செம்புக் கம்பி, கட்டுக் கம்பி, மெல்லிய வேலிக் கம்பி எல்லாம் பரவாயில்லை. சுருள்வில் கம்பியும் பிரேக் கேபிளின் உள் இழைகளும் கடினமான எஃகு, அவற்றை வெட்டினால் வாயில் பல் விழும். பல் விழுந்த இடத்தில் பிறகு மெல்லிய செம்பு இழைகூட அறுபடாமல் நழுவும். வேவ் பிளஸ், ரீபார் இரண்டிலும் இந்த வாய்த் துண்டுகள் ஸ்குரூவில் நிற்பதால், கெட்டுப்போனால் துண்டை மட்டும் மாற்றலாம். வேலிக் கம்பியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் விலை கொடுப்பது தகும்.

குறடு இருக்கிறதே என்று நட்டைத் திருகாதீர்கள். ஜப்பானிய மோட்டார்களில் அதிகம் காண்பது 10 மில்லிமீட்டர் நட்டு. குறட்டால் இரண்டு முறை திருகினால் ஆறு மூலையும் உருண்டுவிடும், பிறகு சரியான ஸ்பேனர்கூட வழுக்கும். ஸ்பேனரால் ஒரு பக்கம் திருகும்போது மறுபக்கத்து போல்ட் சுற்றாமல் பிடித்துக்கொள்வதுதான் குறட்டின் வேலை. 10 மி.மீ. ஸ்பேனர் ஒன்றை மோட்டாரிலேயே போட்டு வையுங்கள். அரிவாளைக் கழியோடு பிணைக்கும் கிளிப்பையும் ஸ்பேனரால்தான் முடுக்க வேண்டும். அது தலைக்கு மேலே நிற்கும் சாமான், அரைகுறை முடுக்கு அங்கே உயிருக்கு ஆபத்து.

திருப்புளியில் பார்க்க வேண்டியது பிலிப்ஸ் எனப்படும் கூட்டல் குறித் தலை. பல மல்டிடூல்களில் இடத்தை மிச்சம்பிடிக்க அதைத் தட்டையாகச் செய்திருப்பார்கள். கூட்டல் குறியின் நான்கு சிறகுகளில் இரண்டுதான் முழுதாக இருக்கும், மற்ற இரண்டும் பெயருக்கு. தளர்வான ஸ்குரூவுக்கு இது போதும். வெயிலும் மழையும் பட்டு இறுகிய ஸ்குரூவில் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். ஸ்பிரிட்டில் இருப்பது தடித்த, முழு வடிவத் தலை. வேவ் பிளஸ்ஸில் தலையைக் கழற்றி மாற்றலாம், ஆனால் அதன் தட்டைத் தலைகளுக்கு மாற்று வேண்டுமென்றால் அதே நிறுவனத்துடையதைத்தான் தேட வேண்டும். புல்லுக்குள் விழுந்தால் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஹொண்டா, யமஹா மோட்டார்களின் மூடிகளில் இருக்கும் கூட்டல் ஸ்குரூ பலவும் ஜப்பானியத் தரத்தில் செய்தவை, தலையில் சில நேரம் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி இருக்கும். சாதாரணப் பிலிப்ஸ் தலை அந்தக் குழிக்குள் அடிவரை இறங்காது. மேலோட்டமாக நின்று சுற்றி, குழியை வட்டமாக்கிவிடும். வேறு வழியில்லை என்றால் உடம்பின் பாரத்தை நேராகக் கீழே கொடுங்கள், பலத்தில் முக்கால் பங்கு அழுத்தத்துக்கும் கால் பங்கு திருகலுக்கும் போகட்டும். முதல் வழுக்கலிலேயே நிறுத்திவிடுங்கள்.

வீட்டு மின்சார வேலைக்கு ஓர் எச்சரிக்கை. மல்டிடூல் முழுக்க உலோகம், கைப்பிடியில் காப்பு கிடையாது. நம் வீட்டு மின்சாரம் 240 வோல்ட் அளவில் ஓடுகிறது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவி எடுத்த பிறகு அதன் ஃபியூஸை மாற்றலாம். சுவருக்குள் இருப்பதைத் தொடாதீர்கள், பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

துரு விஷயத்தில் நம் ஊர் மற்ற ஊர் மாதிரி இல்லை. காற்றில் ஈரம் ஓயாது, அதோடு வியர்வை. இதற்கு மேல் செம்பனைக்குப் போடும் சிவப்பு உரம் இருக்கிறதே, அது பொட்டாசியம் குளோரைடு. துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படுவதையும் குளோரைடு ஊசி குத்தினாற்போல் புள்ளி புள்ளியாய்த் தின்னும். உரம் போட்ட கையோடு தொட்டு, கழுவாமல் உறைக்குள் செருகினால், அச்சின் ஓரத்தில் முதலில் பழுப்பு நிறம் வரும், பிறகு கத்தி விரியும்போது கரகரக்கும். ரப்பர் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு, பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும் அதே கெடுதலைச் செய்யும். ஆகவே கார்பன் எஃகுக் கத்தி வைத்த மாடல்கள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் நமக்குச் சரிப்படாது. லெதர்மேன் அதிகம் பயன்படுத்தும் 420எச்சி மாதிரியான எஃகு போதும், சாணைக்கல்லில் சீக்கிரம் தீட்டவும் வரும். கறுப்புப் பூச்சு பூசியவை பார்க்க அழகு, பூச்சு தேய்ந்த விளிம்பில்தான் முதலில் துரு எட்டிப்பார்க்கும். வெள்ளி நிறத்தையே எடுங்கள். உறை நைலானாக இருக்கட்டும், தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

காந்தம் ஒட்டினால் அது மட்டமான இரும்பு என்று சந்தையில் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். கத்திக்குப் பயன்படும் கடினமான எஃகில் துருப்பிடிக்காத வகைகளிலும் காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

கத்தியைப் பற்றிச் சுருக்கமாக: விரித்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், முதுகை ஒரு மரப் பலகையில் லேசாக அழுத்தினால் மடங்கக்கூடாது, பட்டை முழுக்கப் பல் இல்லாமல் வழவழப்பாக இருப்பது தீட்ட எளிது. பொத்தானை அழுத்தினால் துள்ளித் திறப்பதை வாங்கவே வேண்டாம். மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் சட்டம் 357, சட்டப்படியான காரணமில்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பதைக் கடுமையான குற்றமாகக் கொள்கிறது. வேலைக்குப் போகும்போது வேலைச் சாமானோடு இருக்கட்டும். தைப்பூசக் கூட்டம், பள்ளிக்கூடம், நீதிமன்றம், இரவு நேரத்து ஊர்சுற்றல் என்றால் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பைக்குள் போகாது, கீழே போடும் பெட்டியில் வையுங்கள்.

எது யாருக்கு? வெளிக்காட்டில் வேலை, வேலி, பம்ப், டிராக்டர் என்று அலைகிறவருக்கு வேவ் பிளஸ் அல்லது ஸ்பிரிட். வேவ் பிளஸ்ஸில் குறட்டை விரிக்காமலே ஒரு கையால் கத்தி எடுக்கலாம், ஏணியில் நிற்கும்போது அதன் அருமை தெரியும். வேலிக்காக மட்டும் என்றால் ரீபார் போதும், கத்திரிக்கோல் அதில் இல்லை. கிராணி (எழுத்தர்) வேலை, கடை, பள்ளி என்று இருப்பவருக்குக் குறடே தேவைப்படாது. 91 மி.மீ. நீளமுள்ள விக்டோரினாக்ஸ் டிங்கர் 60 கிராம் அளவில் கூட்டல் திருப்புளியும் முள்வாங்கியும் தருகிறது. உண்மையில் இந்த முள்வாங்கி வெளிக்காட்டுக்காரருக்கும் வேண்டும். செம்பனை மட்டை முள் ஒடிந்து தோலுக்குள் நின்றால் மல்டிடூலின் குறட்டு நுனி அதற்குத் தடிமன், நசுக்கி இன்னும் உள்ளே தள்ளிவிடும். பெரிய கருவியில் முள்வாங்கி இல்லையென்றால் தனியாக ஒன்று வாங்கி உறையின் மடிப்பில் செருகி வையுங்கள்.

பெயர் தெரியாத மலிவுச் சாமான் எல்லாமே மோசம் என்றில்லை, மேலே சொன்ன தாள் சோதனையிலும் ஆட்டச் சோதனையிலும் தேறினால் வாங்கலாம். இணையத்தில் வாங்கும்போது இந்தச் சோதனைகளைச் செய்ய முடியாது, அதனால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையாகப் பாருங்கள். லெதர்மேனுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் உண்டு. ரசீதைப் படமெடுத்து வையுங்கள், வெயிலில் ரசீதின் எழுத்து மங்கிவிடும்.

பராமரிப்புக்கு வாரம் ஐந்து நிமிடம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, எல்லாக் கருவியையும் விரித்து, பழைய பல்துலக்கியால் அச்சுகளைத் தேயுங்கள். நன்றாக அலசி, உதறி, வெயிலில் அரை மணி நேரம் விரித்தபடியே காய வையுங்கள். பிறகு ஒவ்வோர் அச்சிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, நாலைந்து முறை திறந்து மூடி, வழிவதைத் துணியால் ஒற்றி எடுங்கள். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் நீண்ட நாள் மசகாக நிற்காது. அதை அடித்தாலும் மேலே எண்ணெய் விட வேண்டும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

மருந்து அடிக்கும் பம்பின் நாசில் அடைத்துக்கொண்டால் மல்டிடூலின் குத்தூசியால் குத்தாதீர்கள். துளை அகலமாகி, தெளிப்பு ஒரு பக்கம் சாயும், மருந்தும் அதிகம் போகும். வாயால் ஊதவும் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு கழற்றி, தண்ணீரில் நனைத்த மென்மையான பிரஷால் தேய்த்தால் போதும். களைக்கொல்லிப் பொட்டலம் வெட்டிய கத்தியை அன்றே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதே கத்தியால் ஒருபோதும் பழம் நறுக்காதீர்கள்.