நாணல் படுகையில் தேங்கிய கழிவுநீர்: என் அனுபவம்

எங்கள் ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்க, ஜல்லி நிரப்பி நாணல் நட்ட படுகை ஒன்று உண்டு. அதில் திடீரென்று நாற்றம். ஜல்லிக்குள்ளேயே ஓட வேண்டிய தண்ணீர் மேலே தேங்கி, கொசு மொய்த்தது. முதலில் நாணலைத்தான் சந்தேகப்பட்டேன். அதன்மேல் தப்பே இல்லை. தண்ணீர் நுழையும் பக்கம், கையுறை போட்டு ஒரு கை ஜல்லி அள்ளினேன். கறுப்புச் சேறு கொழகொழவென்று வழிந்தது.

கழிவுநீர் முதலில் செப்டிக் டேங்கில் தங்கி, கசடு படிந்த பிறகே படுகைக்கு வரும். அந்த டேங்கில் நீளக் கம்பை விட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் கசடு! அதுதான் தண்ணீரோடு வந்து ஜல்லியை அடைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தபோதே எடுத்திருக்க வேண்டும். வண்டி வைத்து உறிஞ்சி எடுத்தோம். யாரும் உள்ளே இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். அடைத்திருந்த ஜல்லியை மட்டும் வாரி, அலசித் திரும்பப் போட்டோம். வெளியேறும் குழாயைத் தாழ்த்தி, நீர்மட்டத்தை ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே நிறுத்தினேன். பத்தே நாளில் நாற்றம் போய்விட்டது.