பிரம்பும் பிள்ளையும்: ஓர் ஆங்கிலப் பழமொழியின் வரலாற்றைத் தேடிப் பிடிக்கும் முறை

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களிலும், பெற்றோர் கூட்டங்களிலும், ஆங்கில விவாதப் போட்டிகளிலும் கண்டிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "ஸ்பெயர் த றொட் அண்ட் ஸ்பொயில் த சைல்ட்" என்ற பழமொழியை யாராவது ஒருவர் எடுத்துவிடுவார். பிரம்பை ஒதுக்கிவைத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது அதன் கருத்து. சொல்பவர் பெரும்பாலும் "வேதாகமமே சொல்கிறது" என்று சேர்த்துக்கொள்வார். அதற்குமேல் எதிர்த்துப் பேச எவரும் துணிவதில்லை. ஆனால் அந்த வாக்கியம் அந்த வடிவில் வேதாகமத்தில் இல்லை. அது எங்கிருந்து வந்தது, வழியில் என்னவெல்லாம் ஆனது என்பதைத் தேடிப் பார்க்கும் முறையை, ஆங்கில இலக்கியம் கற்கும் உயர்தர வகுப்பு மாணவரையும் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டோரையும் மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன். ஏனைய மரபுத்தொடர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

முதலில் பழமொழியைச் சொல்லுக்குச் சொல் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். நம்மிடையே வழங்கும் சுருக்க வடிவில் நடுவிலுள்ள "அண்ட்" விழுந்துவிடுகிறது. அது விழுந்தால் பொருளின் முடிச்சே அவிழ்ந்துவிடும். இரண்டு வினைகளும் ஏவல் வடிவில் நிற்கின்றன. ஆயினும் இங்கே ஏவல் இல்லை. முதற் செயலைச் செய்தால் இரண்டாவது தானாக விளையும் என்று அந்த "அண்ட்" நிபந்தனையைத் தாங்கி நிற்கிறது. இதைக் கவனியாத மாணவர்கள் "அடிக்காதே, பிள்ளைக்குச் செல்லம் கொடு" என்று நேர்மாறாகப் பொருள் எழுதுவதுண்டு. "ஸ்பெயர்" என்ற வினையும் இங்கே ஒருவரைத் தண்டனையிலிருந்து தப்பவிடுவதைக் குறிக்கவில்லை. ஒரு பொருளைப் பயன்படுத்தாமல் மிச்சம் பிடிப்பதைக் குறிக்கிறது. மிச்சம் பிடிக்கப்படுவது பிரம்பு, கெடுவது பிள்ளை என்பது தெளிந்த பிறகே அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்து, மூலம் என்று எது சொல்லப்படுகிறதோ அதை நேரில் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் புரட்டஸ்தாந்து வீடொன்றில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் நீதிமொழிகள் 13ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தைத் திறந்தால், "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று தொடங்குகிறது. மகன்மேல் அன்பு உள்ளவன் அவனை ஏற்கெனவே தண்டிக்கிறான் என்று முடிகிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும், அதற்கு வெகுகாலம் முந்திய இலத்தீன் மொழிபெயர்ப்பிலும் "பகைக்கிறான்" என்பதற்கு நேரான சொல்லே நிற்கிறது. எதிலும் "ஸ்பொயில்" இல்லை. வசனம் பேசுவது தகப்பனின் உள்ளத்தைப் பற்றி. பழமொழி பேசுவது பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி. ஒன்று அன்பையும் பகையையும் எதிரெதிரே நிறுத்துகிறது. மற்றது காரணத்தையும் விளைவையும் இணைக்கிறது. இரண்டும் ஒன்றே என்று சொல்வது எனக்கு ஏற்புடையதன்று.

மூலத்தைப் பார்க்கும்போது அங்குள்ள முக்கியச் சொல் அதே நூலில் வேறெங்கு வருகிறது என்றும் பார்ப்பது பயன் தரும். பிரம்பு என்று தமிழில் வந்துள்ள எபிரேயச் சொல் "ஷேவெத்". அதே சொல்தான் 23ஆம் சங்கீதத்தில் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்ற இடத்தில் கோலாக வருகிறது. மேய்ப்பன் கையிலுள்ளபோது ஆறுதல் தருவதும் தகப்பன் கையிலுள்ளபோது வலி தருவதும் மூலத்தில் ஒரே சொல். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இடம் அறிந்து ஒன்றைக் கோலாகவும் மற்றதைப் பிரம்பாகவும் பிரித்தார்கள். பிரம்பு என்றதும் நம் வாசகருக்கு வகுப்பறை நினைவுக்கு வருகிறது. கோல் என்றால் அப்படி வராது. ஆகவே தமிழ் வாசகரின் காதில் அந்த வசனம் மூலத்தைவிடப் பாடசாலைக்குச் சற்று நெருக்கமாகவே ஒலிக்கிறது.

இனி ஆங்கிலத்தில் அந்தக் கருத்து எப்போது என்ன உருவில் இருந்தது என்று ஆண்டுவாரியாக வரிசைப்படுத்த வேண்டும். ஒரு தாளின் இடப்பக்கத்தில் ஆண்டையும் வலப்பக்கத்தில் அந்த ஆண்டின் சொல்வடிவத்தையும் எழுதி, யார் யாரிடம் எதற்காகச் சொன்னார் என்பதைக் கீழே குறித்துக்கொண்டு வந்தால் போதும். 1370களின் பிற்பகுதியைச் சேர்ந்த, வில்லியம் லாங்லண்டின் "பியேர்ஸ் ப்ளௌமன்" என்ற நெடுங்கவிதையில் "பகுத்தறிவு" என்னும் பாத்திரம் மக்களுக்குப் பிரசங்கம் செய்கிறது. இலத்தீன் வசனத்தை முதலில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் இதன் பொருள் இன்னது என்று தானே விளக்கம் கூறுகிறது: தளிர்க் கம்பைச் சிக்கனம் பிடிப்பவன் தன் பிள்ளைகளை அழிக்கிறான். கம்புக்கு அங்கே வரும் சொல் "ஸ்பிறிங்". மரத்திலிருந்து அப்போதுதான் ஒடித்த பச்சைக் கம்பு. நம்மூர் வேலியில் முறித்தெடுக்கும் கிளுவந்தடியை நினைத்துக்கொண்டால் அந்தச் சொல் சட்டென்று விளங்கும். அழித்தலுக்கு வரும் சொல் "ஸ்பில்". இன்று நீரைச் சிந்துவதற்கு வழங்கும் அச்சொல் அந்நாளில் நாசமாக்குதல், கொல்லுதல் என்ற கடும்பொருளைக் கொண்டிருந்தது. பகைத்தல் போய்க் கெடுத்தல் நுழைவதை இந்த ஓரடியிலேயே கண்ணால் காணலாம். இதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் ஆண்டு வரிசை போடச் சொல்கிறோம்.

"ஸ்பொயில்" வேறு குடும்பத்துச் சொல். இலத்தீனில் உரித்தெடுத்தல், கொள்ளையிடுதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. போரில் விழுந்த பகைவனின் கவசத்தைக் கழற்றுவதற்கு அது உரியதாக இருந்தது. பின்னர் ஒரு பொருளைப் பயனற்றதாக்குதல் என்ற பொருளைப் பெற்று, ஒலியிலும் கருத்திலும் நெருங்கிய "ஸ்பில்" இருந்த இடத்தில் பழமொழிக்குள் வந்து அமர்ந்துகொண்டது. அளவுமீறிய செல்லத்தால் குணத்தைக் கெடுத்தல் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் தலைகாட்டியது. ஒக்ஸ்போர்ட் பேரகராதியைப் பார்ப்பவர்கள் பொருள்களை மட்டும் வாசித்துவிட்டு மூடிவிடக் கூடாது. ஒவ்வொரு பொருளின் கீழும் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளின் ஆண்டுகளே நமக்கு வேண்டிய சான்று. பழைய பொருளைக் கொண்டால் "பிள்ளை நாசமாகும்" என்ற எச்சரிக்கை. புதிய பொருளைக் கொண்டால் "பிள்ளை செல்லம் முற்றிப்போகும்" என்ற குறை. இன்றைய ஆங்கிலக் காது பெரும்பாலும் இரண்டாவதையே கேட்கிறது. சொற்கள் மாறாதிருக்க, கடுமை குறைந்துவிட்டது.

இப்போதைய சொல்வடிவம் யாருடையது என்ற கேள்விக்கு, சாமுவேல் பட்லரின் "ஹியூடிப்றாஸ்" என்ற அங்கதக் கவிதையே இணையத்தில் பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். அதன் இரண்டாம் பகுதி 1664இல் வெளியானது. ஆனால் ஜோன் கிளார்க் 1639இல் வெளியிட்ட ஆங்கில-இலத்தீன் பழமொழித் தொகுப்பில் இதே வடிவம் இருக்கிறது. ஆகவே பட்லர் அதைப் படைக்கவில்லை. வாயில் வழங்கியதை எடுத்துக் கவிதையில் வைத்தார். ஒருவரைப் "முதலில் சொன்னவர்" என்று எழுதுவதற்குமுன், அவருக்கு முந்திய தொகுப்பொன்றையாவது புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பட்லரின் இடத்தை மட்டும் நிதானமாக வாசிக்க வேண்டும். அங்கே பிள்ளையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. தன்மேல் காதல் கொண்டதாகச் சொல்லும் வீரனிடம் ஒரு கைம்பெண், அந்தக் காதலை நிறுவச் சவுக்கடி படச் சம்மதமா என்று கேட்கிறாள். காதலைப் புலவர்கள் ஒரு சிறுவனாகப் பாடியிருக்கிறார்கள். ஆகவே பிரம்பை ஒதுக்கினால் அந்தச் சிறுவன் கெட்டுப்போவான் என்பது அவளுடைய வாதம். சிறுவன் என்றது மன்மதனை. பழமொழி ஏற்கெனவே எல்லோர்க்கும் தெரிந்திருந்ததால்தான் இந்தக் கேலி எடுபட்டது. பாடசாலை மேடையில் மிகுந்த பயபக்தியுடன் சொல்லப்படும் ஒரு தொடர், இலக்கியத்தில் தன் புகழை ஒரு கேலிக்காட்சியில் பெற்றது என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். மேற்கோளைச் சூழலோடு சேர்த்து வாசிக்கும் பழக்கம் அங்கிருந்து பிறக்கும்.

பழைய நூல்களை மின்வடிவில் தேடுவோருக்கு ஒரு நுட்பம். 17, 18ஆம் நூற்றாண்டு அச்சில், சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் "எஸ்" எழுத்து நீண்டு, "எஃப்" போலவே தோன்றும். கணினி அதை எஃப் என்றே படித்துவிடும். ஆகையால் ஸ்பெயர், ஸ்பொயில் என்ற சொற்களை எஸ்ஸுக்குப் பதில் எஃப் இட்டும் ஒருமுறை தேட வேண்டும். பழைய எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றி இட்டுப் பார்க்க வேண்டும். கிடைத்த நூலின் ஆண்டைத் தேடுபொறி காட்டுவதை நம்பாமல் தலைப்புப் பக்கத்தைத் திறந்து சரிபார்ப்பது அவசியம்.

தேடலின்போது இனிக்கும் கதைகள் எதிர்ப்படும். மேய்ப்பன் கோலால் ஆட்டை அடிப்பதில்லை, வழிதான் காட்டுவான். ஆகவே அந்த வசனம் அடிக்கச் சொல்லவேயில்லை என்பது பிரசங்கங்களில் பரவிய ஒரு விளக்கம். அதன் நோக்கம் நல்லது. ஆயினும் நீதிமொழிகள் 23ஆம் அதிகாரம் பிள்ளையைப் பிரம்பினால் அடிப்பதை வெளிப்படையாகவே பேசுகிறது. தமிழிலும் "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார்" என்பதில் உள்ள அடி இறைவன் திருவடியே என்று விளக்குவோர் இருக்கிறார்கள். நமக்குப் பிடிக்காத பொருளை ஒரு பழமொழியிலிருந்து விலக்குவதற்கு வரலாற்றைத் திருத்தத் தேவையில்லை. அந்தக் காலத்தார் அப்படி நினைத்தார்கள் என்று எழுதிவிட்டு, நாம் அப்படி நினைக்கவில்லை என்று அடுத்த வாக்கியத்தில் எழுதலாம்.

இன்று யார் இதை எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதும் வரலாற்றின் பகுதியே. பிரித்தானியாவில் அரச பாடசாலைகளில் உடற்தண்டனையை 1986ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தடைசெய்தது. தடை 1987இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாடசாலைகளில் அதைத் தடுத்தது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டுள்ளது என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கியது. இத்தகைய மாற்றங்களுக்குப் பின், அந்தப் பழமொழி ஆங்கில எழுத்தில் அறிவுரையாக வருவதைவிட, கைவிடப்பட்ட ஒரு மனப்பாங்கின் அடையாளமாக, பெரும்பாலும் மறுப்பதற்கென்றே வருகிறது. சில வேளைகளில் பிரம்பு உருவகமாகி, கணக்காய்வு, அபராதம் போன்ற எந்தக் கண்டிப்பையும் குறிக்கிறது. இந்த மூன்று தொனிகளில் எது என்பதை அறியாமல் தமிழாக்கக் கூடாது.

தமிழாக்கம் என்று வரும்போது நம்மிடம் இணைப் பழமொழிகள் இருப்பதே ஒரு சோதனை. "அடியாத மாடு படியாது" என்பது பணியவைத்தலைப் பேசுகிறது, கெடுவதைப் பேசவில்லை. "முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்பது இன்னும் நெருங்கி வருகிறது. ஆனால் முருங்கையை ஒடிப்பது அது மேலும் கிளைவிட்டுக் காய்ப்பதற்காக, எனவே அதில் வளர்ச்சி பற்றிய நம்பிக்கை மேலோங்கி நிற்கிறது. 1843இல் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிட்ட பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தொகுப்பு இவ்வகை ஒப்பீட்டுக்கு நல்ல துணை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளுடன் சென்னையில் 1874இல் வந்த பதிப்பு அதைவிட விரிவானது.

லாங்லண்டின் அடியைத் தமிழில் தரும்போது "அழிக்கிறான்" என்றே எழுதுங்கள். இன்றைய செய்திக் கட்டுரையில் வந்தால் "அடிக்காத பிள்ளை கெட்டுப்போகும் என்ற பழைய வாதம்" என்று, அது வாதம் என்பது தெரியும்படி எழுதுங்கள். பட்லரை மொழிபெயர்ப்பவர் மட்டும் முருங்கையையும் மாட்டையும் தொடாமல், சிறுவனையும் பிரம்பையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் மன்மதன் காணாமற்போய்விடுவான்.