தூரத்து ரௌட்டரில் கை வைக்கும் முன் ஒரு கட்டளை

நாகர்கோவிலில் இருந்தபடி குலசேகரம் கிளையின் சிஸ்கோ ரௌட்டரில் ஐபி முகவரியையோ, எந்த ட்ராஃபிக்கை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்லும் ஆக்சஸ் லிஸ்ட்டையோ மாற்றப் போகிறீர்கள் என்றால், முதலில் ‘ரீலோட் இன் 10’ என்று அடித்துவிடுங்கள். ஒரு வரி தப்பாகி இணைப்பு அறுந்தாலும், 10 நிமிடத்தில் ரௌட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிப் பழையபடி வந்துவிடும். நாம் அடிக்கும் மாற்றம் ரன்னிங் கான்ஃபிகில் (இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில்) மட்டுமே ஏறும். சேமிக்காதவரை, ரீஸ்டார்ட் ஆகும்போது ரௌட்டர் படிக்கும் ஸ்டார்ட்அப் கான்ஃபிக் அப்படியே இருக்கும். பஸ் ஏறி ஓட வேண்டியதில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’, அப்புறம்தான் சேமிக்க ‘ரைட் மெமரி’. அவசரப்பட்டு முதலிலேயே சேமித்துவிட்டால் தப்பும் சேர்ந்து பதிந்துவிடும், இதில் மட்டும் கவனம். முன்பே சேமிக்காத நல்ல மாற்றங்கள் ஏதாவது இருந்தால், தொடங்கும் முன் சேமித்துக்கொள்ளுங்கள்.

ரௌட்டரில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு ரௌட்டர் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது.